காரைக்குடியில் இருந்துகொண்டு பேஸ்பால் படிப்பது

எங்கள் தெருவில் பேஸ்பால் மட்டையைக் கையில் பிடித்தவர் ஒருவரும் கிடையாது. காரைக்குடியில் மாலையானால் பிள்ளைகள் டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடுவார்கள், அவ்வளவுதான். இருந்தும் எங்கள் வீட்டில் நானும் அப்பச்சியும் சில வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் பேஸ்பாலைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம். எல்லாம் புத்தகத்திலும் படத்திலும் வந்த பேஸ்பால். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்று உறுதியாக நினைக்கிறேன். நேரலையைப் போட்டுவிட்டு விதிகளைத் தேடி ஓடினால் அரை மணியில் அலுத்துவிடும். கதையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் விதிகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு காரணம் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் நல்ல பேட்ஸ்மேன் என்றால் நாள் முழுக்க நிற்பார். பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே பெரிய ஆள். அதை .300 என்று எழுதுவார்கள். 1941-ல் டெட் வில்லியம்ஸ் .406 எடுத்ததை இன்றும் வியந்து பேசுகிறார்கள். அவரும் பத்துக்கு ஆறு முறை தலையைக் குனிந்துகொண்டுதான் திரும்பி நடந்திருக்கிறார். மிகப் பெரிய வீரன்கூடப் பாதிக்கு மேல் தோற்கிற ஆட்டம் இது. அதனால்தான் எழுதுகிறவர்களுக்கு இதில் அள்ள அள்ளக் கிடைக்கிறது. தோற்றவனுக்கு மறுநாளும் ஆட்டம் உண்டு. ஒரு சீசனுக்கு ஒரு அணி 162 ஆட்டம் ஆடும். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் புகுந்துகொள்கிறார்.

முதலில் எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. 1952-ல் வந்த சிறிய நாவல், தமிழிலேயே கிடைக்கிறது. மீன் கதை என்றுதான் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். மறுபடி எடுத்துப் படியுங்கள், பேஸ்பால் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும். கியூபாவின் ஒரு மீனவக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு கிழவர் சாண்டியாகோ நேற்றைய பேப்பரில் ஆட்டச் செய்தி படிக்கிறார். பையனோடு நியூயார்க் யாங்கீஸ் அணியைப் பற்றி வாதாடுகிறார். நடுக்கடலில் தனியாக இருக்கும்போதும் இன்றைய ஆட்டம் என்ன ஆனதோ என்று யோசிக்கிறார். அவர் மனசில் இருப்பது யாங்கீஸ் வீரர் ஜோ டிமாஜியோ. அந்த வீரரின் தந்தை மீனவர் என்பது கிழவருக்குத் தெரியும். டிமாஜியோ 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட், அதாவது ஒழுங்கான அடி, அடித்தவர். குதிகாலில் எலும்பு முள் வளர்ந்து 1949 சீசனில் ஜூன் கடைசி வரை ஆட முடியாமல் இருந்தவரும் அவர்தான். கிழவர் தன் கை வலியை அந்தக் குதிகால் வலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். நியூயார்க் ஆட்டங்கள் அவருக்குப் பேப்பர் வழியாகத்தான் வந்து சேருகின்றன. தொலைவில் இருந்தும் ஒரு விளையாட்டை இவ்வளவு ஆழமாக நேசிக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியவர் அவர்.

சரி, கொஞ்சம் விதி தெரிந்தாக வேண்டும். படம் பார்க்க இவ்வளவு போதும்: ஒரு பக்கம் ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒருமுறை அடிக்கும், மூன்று அவுட் ஆனதும் அடிக்கிற பக்கம் மாறும். பந்து வீசுகிறவர் பிட்சர். நல்ல பந்தை விட்டுவிட்டாலோ சுழற்றித் தவறவிட்டாலோ ஸ்டிரைக், மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட். தள்ளிப் போகிற பந்தை அடிக்காமல் விட்டால் அது 'பால்'. நாலு பால் சேர்ந்தால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய நாலு மூலைகளில் முதலாவது) நடந்து போகலாம். கிரிக்கெட்டில் நாலா பக்கமும் அடிக்கலாம்; இங்கே முன்னால் விரிகிற செங்கோணத்துக்குள் விழுந்தால்தான் கணக்கு, வெளியே போனால் ஃபவுல். உள்ளே விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க முடியாது. நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்.

இன்னொன்று முக்கியம். சொந்த ஊர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் அடிக்கும். அதனால் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் சொந்த அணிக்குக் கடைசி வாய்ப்பு கிடைக்கும். பேஸ்பால் படங்களின் க்ளைமாக்ஸ் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். படத்தில் ஸ்கோர்போர்டு வந்தால் நிறுத்திப் பாருங்கள். வலது ஓரத்தில் மூன்று எண் இருக்கும்: ரன், ஹிட், எர்ரர். எர்ரர் என்பது தடுக்கிறவர் செய்த தவறு. ஆட்டக்காரனின் பிழையை ஸ்கோர்போர்டிலேயே எழுதி ஊருக்குக் காட்டுகிறார்கள். இதைக் கவனித்த பிறகு படங்களில் பந்தைத் தவறவிட்டவனின் முகத்தை நான் பார்க்கிற விதமே மாறிப்போனது.

அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு பந்து கொண்டுவந்தான். அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து அதை வாங்கி உருட்டிப் பார்த்தார்கள். வெள்ளை மாட்டுத்தோல், சிவப்பு நூல் தையல். கிரிக்கெட் பந்தில் தையல் நடுவில் நேராக ஒரு சுற்றுப் போகும்; இதில் வளைந்து நெளிந்து பந்து முழுக்க ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. எடையும் கொஞ்சம் குறைவு, 142 முதல் 149 கிராம். அப்பச்சி கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு தையலிலும் வைத்து நகர்த்திக்கொண்டே போனார்கள். நாங்கள் பேசாமல் இருந்தோம். கடைசியில் நிமிர்ந்து, "நூத்தியெட்டு இருக்குத்தா" என்றார்கள். உண்மைதான், அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் பந்தில் 108 இரட்டைத் தையல். அன்றைக்கு அந்தப் பந்து சாமி அறைப் பக்கம் இருக்கிற மாடத்துக்குப் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதே நாள் டேப் எடுத்து வீட்டுக்குள் அளந்தோம். பிட்சர் நிற்கிற இடத்திலிருந்து அடிக்கிறவர் பக்கத்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. முகப்பு வாசற்படியில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அளந்தால் வளவு என்கிற உள்முற்றத்தைக் கடந்து இரண்டாம் கட்டு நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து, தரையில் படாமல், இந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அப்பச்சி நிலைக்கதவைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்கள். "இதுக்குள்ள எப்பப் பாத்து, எப்ப அடிக்கிறது?" என்றார்கள். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் பிட்சர் காலைத் தூக்கினால் நிமிர்ந்து உட்காருவார்கள். நீங்களும் உங்கள் தெருவிலோ மொட்டை மாடியிலோ ஒருமுறை அளந்து பாருங்கள். விதிப் புத்தகம் தராத ஒரு புரிதல் அதில் கிடைக்கும்.

படங்களில், குடும்பத்தோடு தொடங்க 1992-ல் வந்த 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' நல்லது. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட, 1943-ல் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். சூயிங்கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளருமான ரிக்லி தொடங்கியது, 1954 வரை நடந்தது. படத்தின் கதாபாத்திரங்கள் கற்பனை, ராக்ஃபோர்டு பீச்சஸ் என்ற அணி நிஜம். குட்டைப் பாவாடையில்தான் ஆட வேண்டும் என்று விதி. ஒரு காட்சியில் சறுக்கி விழுந்த பெண்ணின் தொடையில் பெரிய கன்றிப்போன காயம் தெரியும். அது ஒப்பனை இல்லை, நடிகைக்கு நிஜமாகவே பட்ட காயம். எங்கள் ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, "முழுக் காற்சட்டை குடுத்தா என்ன கொறஞ்சுபோகும் இவுகளுக்கு?" என்று உண்மையான கோபத்தோடு கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் படமும் கேட்கிறது. இன்னொரு காட்சி சில நொடிதான்: களத்துக்கு வெளியே உருண்ட பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுத்து வேகமாக எறிவார். ஒரு பேச்சும் கிடையாது. அந்த லீகில் அவருக்கு இடமில்லை என்பது அந்த ஒரு எறியில் தெரிந்துவிடும்.

அந்தக் காட்சியிலிருந்து நேராக '42' படத்துக்குப் போகலாம். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, மேஜர் லீகில் பல பத்தாண்டுகளாக இருந்த நிறத்தடையை உடைத்த கதை. 2013-ல் வந்த படம், சாட்விக் போஸ்மன் நடித்தது. எதிரணி மேலாளர் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசுகிற காட்சி நீளமானது, பார்க்கக் கஷ்டமாக இருக்கும். தள்ளிவிடாமல் பாருங்கள். அடிக்க நிற்கிறவன் மேல் எத்தனை பாரம் இருக்கிறது என்று அங்கேதான் புரியும். இப்போது ஒவ்வொரு ஏப்ரல் 15-லும் எல்லா அணியின் எல்லா வீரர்களும் 42-ஆம் எண் சட்டைதான் போடுகிறார்கள்.

'மணிபால்' படத்தை இவற்றுக்குப் பிறகு வையுங்கள். பிராட் பிட் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். நாலு பாலுக்கு நடந்து போவதன் மதிப்பு தெரியாமல் பார்த்தால் பாதிப் படம் அலுவலகப் பேச்சாகத்தான் தெரியும். மைக்கேல் லூயிஸ் 2003-ல் எழுதிய புத்தகம், 2011-ல் படமானது. யாங்கீஸ் 12 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்த 2002-ல் ஓக்லாந்து அணியிடம் இருந்தது சுமார் 4 கோடி. அழகாக அடிக்கிறவனை விட்டுவிட்டு, எப்படியாவது பேஸுக்குப் போய்ச் சேருகிறவனை மலிவாக வாங்கினார் அந்த அணியின் பொது மேலாளர் பில்லி பீன். அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னால் இருந்து, 11-11 வரை விட்டுக்கொடுத்து, ஸ்காட் ஹாட்டெபெர்க் அடித்த ஹோம் ரன்னில் (ஒரே அடியில் நாலு பேஸையும் சுற்றி வருவது) 12-11 என்று முடித்தார்கள். சினிமாவுக்காகச் செய்தது மாதிரி இருக்கும். 2002 செப்டம்பர் 4 அன்று அப்படியே நடந்தது.

இங்கேதான் என் முக்கியமான யோசனை: படம் முடிந்ததும் அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரைத் தேடி எடுங்கள். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்டமும் கிடைக்கும், காசு கிடையாது. யார் எத்தனை முறை அடிக்க வந்தார், எத்தனை ரன், எத்தனை ஹிட் என்று ஒரே பக்கத்தில் இருக்கும். இந்த முறையை வகுத்த ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். முதலில் கிரிக்கெட் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். அப்பச்சி வாழ்நாள் முழுக்கக் கடைக்கணக்குப் பார்த்தவர்கள். பரணில் கிடக்கும் ரங்கூன் காலத்துப் பேரேட்டை எடுத்தால் பற்று வரவை மட்டும் வைத்தே அந்த வருஷம் கடையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். பாக்ஸ் ஸ்கோரையும் அதே மாதிரிதான் படிக்கிறார்கள். "இந்த ஆள் அஞ்சு தடவை வந்து ஒண்ணும் அடிக்கலை, ஆனா ரெண்டு ரன் எடுத்திருக்கான். நடந்தே போயிருக்கான் பாரு" என்று அவர்கள் சொன்ன அன்றைக்கு, மணிபாலின் கருத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

கணக்கைப் பார்த்தால் படம் மறைப்பதும் தெரியவரும். மணிபால் படத்தைப் பார்த்தால் ஒதுக்கப்பட்டவர்களை வைத்தே ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த வருஷம் லீகின் சிறந்த பிட்சர் விருது வாங்கிய பாரி ஜீட்டோ அதே அணிதான். சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய மிகெல் தெஹாதாவும் அதே அணி. டிம் ஹட்சன், மார்க் மல்டர் என்று இன்னும் இரண்டு அருமையான பிட்சர்களும் இருந்தார்கள். படத்தில் இவர்களுக்குப் பெரிதாக இடமில்லை. அதனால் படம் எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. ஆனால் புத்தகத்தையும் பதிவையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1919 விவகாரமும் அப்படித்தான். சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர், பணம் வாங்கிக்கொண்டு, சீசன் முடிவில் நடக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரைச் சின்சினாட்டிக்கு விட்டுக்கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. 1921-ல் ஜூரி விடுதலை செய்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் தடை செய்தார். அதில் ஒருவரான 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் அந்தத் தொடரில் .375 அடித்திருக்கிறார். விட்டுக்கொடுத்தவன் அப்படி அடிப்பானா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. 'எய்ட் மென் அவுட்' (1988) படத்தை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' (1989) பாருங்கள். சோளக்காட்டை அழித்து ஒரு விவசாயி மைதானம் கட்ட, இறந்துபோன ஜாக்சனும் கூட்டாளிகளும் அங்கே ஆட வருகிற கதை. தடை என்றால் என்ன என்று தெரியாமல் பார்த்தால் அது வெறும் பேய்ப்படம். தெரிந்து பார்த்தால், செத்த பிறகாவது ஒரு ஆட்டம் ஆட விடுங்கள் என்று அவர்கள் கேட்பது மாதிரி இருக்கும். (நிஜ ஜாக்சன் இடது கையால் அடிப்பவர், படத்தில் வலது கைக்காரராக வருகிறார். அப்பச்சிதான் முதலில் கண்டுபிடித்தார்கள்.) அந்தப் படம் எடுத்த அயோவா மாநிலத்து டயர்ஸ்வில்லில் 2021 ஆகஸ்டில் சோளக்காட்டுக்கு நடுவே ஒயிட் சாக்ஸும் யாங்கீஸும் நிஜ ஆட்டமே ஆடினார்கள்.

பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கிற தெருவில் வளர்ந்ததாலோ என்னவோ, போனவர்களைப் பற்றிய கதைகள்தான் என்னை அதிகம் இழுக்கின்றன. ரோஜர் கான் 1972-ல் எழுதிய 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' அப்படி ஒரு புத்தகம். ஜாக்கி ராபின்சனோடு ஆடிய டாட்ஜர்ஸ் வீரர்களை, அவர்களுக்கு வயதான பிறகு தேடிப்போய்ச் சந்தித்து எழுதியது. ஒருவர் மதுக்கூடத்தில் வேலை செய்கிறார், ஒருவர் கட்டட வேலையில் இருக்கிறார், கார் விபத்துக்குப் பிறகு ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பேஸ்பால் புத்தகங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஆங்கிலம் கொஞ்சம் அடர்த்தி. ஒரு நாளைக்கு ஒரு வீரர் என்று படித்தால் சுமையாகத் தெரியாது.

ஆங்கிலம் பழக வேண்டும் என்றால் சிறியதில் தொடங்கலாம். எர்னஸ்ட் தேயர் 1888-ல் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் எழுதிய 'கேஸி அட் தி பேட்' பதின்மூன்று பத்திப் பாட்டுத்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். கம்பன் விழாவில் பாட்டைக் காதால் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அதன் ஓட்டம் உடனே பிடிபடும். ரிங் லார்ட்னரின் 'யூ நோ மீ அல்' (1916) அதுவும் இலவசம்தான், ஆனால் எழுத்துப்பிழையோடு கடிதம் எழுதுகிற பிட்சரின் குரலில் இருப்பதால் அதைத் தள்ளிப்போடுவது நல்லது. கென் பர்ன்ஸ் 1994-ல் எடுத்த ஆவணப்படம் ஒன்பது பாகம், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்தாலும் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள்; வர்ணனையாளர் பேச்சு வேகத்தில் பாதி நழுவிவிடும்.

இந்தியப் பையன்கள் வருகிற 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) பார்க்கலாம், ஏ.ஆர். ரகுமான் இசை. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்து, 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட கதை. இந்த ரிங்கு சிங் வேறு, கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு. இரண்டு பேரும் மேஜர் லீக் வரை போகவில்லை. படம் அவர்களைத் தேடி வந்த ஏஜெண்டின் கதையாகவே நகர்வது எனக்குக் குறைதான்.

எங்கள் வீட்டில் தீராத வழக்கு 'தி நேச்சுரல்'. மாலமுட் 1952-ல் எழுதிய நாவலின் கடைசியில் நாயகன் ஸ்டிரைக் அவுட் ஆகிறான். 1984 படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அடிக்கிற பந்து விளக்குக் கம்பத்தை உடைத்துத் தீப்பொறியாகக் கொட்டுகிறது. நாவல்தான் சரி, இது தோற்கிறவர்களின் ஆட்டம் என்று நான். "தெனமும் தோக்குறவன் ஒரு நாளாவது ஜெயிக்கட்டுமே, அதுக்குத்தானத்தா படம் பாக்குறது" என்று அப்பச்சி. இரண்டையும் படித்துப் பார்த்து நீங்களே ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நேரலைக்குப் போனால் அது வேறு ஆட்டமாகத் தெரியும். 162 ஆட்டத்தையும் துரத்த வேண்டாம். அக்டோபரில் நடக்கும் உலகத் தொடரில் தொடங்குங்கள். அமெரிக்காவில் மாலை ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. 2024 தொடரின் முதல் ஆட்டம் இங்கே காலை ஐந்தரைக்கு மேல் தொடங்கியது. பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால். கணுக்கால் காயத்தோடு வந்த ஃப்ரெடி ஃப்ரீமன் முதல் பந்தையே கூட்டத்துக்குள் அடித்து ஆட்டத்தை முடித்தார். திரையின் ஓரத்தில் ஸ்கோருக்குப் பக்கத்தில் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும், எந்த பேஸில் ஆள் நிற்கிறார் என்று அவை காட்டும். வேறு எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றும் நிறம் மாறியிருந்தால் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.